தண்டவாளம் திரும்பி வந்த தடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் எந்த நிலத்தைக் கொடுக்கலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் இன்று என் பேச்சு.

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் நீளமாக ஒரு நிலத்துண்டு. என் தாத்தா காலத்தில் அதில் புகைவண்டி ஓடியது. அவர் ரயில்வேயில் கைகாட்டி வேலை பார்த்தவர். 1956-ல் பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள், 1964-ல் சரக்கு வண்டியும் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போன பிறகு அந்தத் தடம் சும்மா கிடக்கவில்லை. மயில்கொன்றை முளைத்தது, ஆலமரம் விழுது விட்டது. டிசம்பர் வந்தால் தரையெல்லாம் செக்கச்செவேல் என்று பூ உதிர்ந்து கிடக்கும். பாட்டி அந்த நிழலில்தான் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவள் மடியில் விழுந்த பூவிதழைப் பிய்த்து, புளிப்பாக இருக்கும் என்று நான் மென்று தின்றிருக்கிறேன்.

இப்போது அதே தடத்தில் மெட்ரோ ஓடுகிறது. 2019 அக்டோபரில் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை திறந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து கியூர்பிப் வரை போயிற்று. மொத்தம் 26 கிலோமீட்டர். மெட்ரோ வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குள் வியர்த்து நின்று பள்ளிக்கூடம் போன ஆசிரியை நான். முப்பது வருடம் போனேன். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்தால் கத்தர் போர்னில் கோர் தெ கார்த் மலையும் அதன் அடிவாரத்து முருகன் கோயிலும் கண்ணுக்கு எதிரே வந்து நிற்கின்றன. தைப்பூசக் காவடி ஏறும் படிகளை ரயிலில் இருந்தபடியே கும்பிடுகிறேன்.

ஆனால் அந்த மரங்கள் இல்லை. ரோஸ் ஹில்லில் பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்திருந்த ரோலாண் ஆர்மான் நடைபாதையின் மரங்களும் இந்த வேலைக்காகத்தான் விழுந்தன. 2017-ல் பார்க்லியிலும் லா பூத்திலும் பாதையில் இருந்த வீடுகளை இடித்தார்கள். எங்கள் கொல்லைக்குப் பின்னால் இயந்திரம் வந்த நாளில் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் ரம்பச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். மதியத்துக்குள் ஆலமரம் வண்டியில் ஏறிவிட்டது. ஏறத்தாழ ஐம்பது வருடத்து மரம்.

அதன்பின் பல நாள் யோசித்தேன். நாம் காப்பாற்ற வேண்டும் என்கிற இந்த நாட்டுப்புறம் எது? மொரீஷியஸில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு இல்லையே. கண்ணுக்கெட்டிய தூரம் அசைவது கரும்பு. அந்தக் கரும்புக்காக நம் முன்னோர் கையாலேயே காட்டை வெட்ட வைத்தார்கள். 1864-ல் வடக்கு ரயில் பாதையும் மறு வருடம் நடு ரயில் பாதையும் வந்தபோது மிச்சக் காடும் சுருங்கியது. 1860-களின் மலேரியாவுக்கு அஞ்சி போர்ட் லூயிஸை விட்டு மேட்டு நிலத்துக்கு ஓடிய மக்களை ஏற்றிக்கொண்டு போனது அந்த ரயில்தான். கியூர்பிப் அப்படித்தான் ஊரானது. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் இரண்டு சதவீதம்கூட இல்லை.

ஆகவே பச்சை என்றாலே தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை உடைந்த நிலத்தில் கட்டுங்கள், உடையாத நிலத்தைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. மெட்ரோவைப் பழைய தடத்தில் போட்டது சரியான முடிவு. மரத்தை எப்படி வெட்டினார்கள் என்பதில்தான் எனக்குக் குறை.

மின்சாரத்துக்கு வருவோம். நம் விளக்கு எரிவதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியும் கன எண்ணெயும். ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டுக் காலத்தில் ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் தருகின்றன. வெட்டு முடிந்ததும் அதே கொதிகலனில் கப்பலில் வந்த நிலக்கரியைக் கொட்டுகிறார்கள். மூன்றே ஆலைகள்தாம் மிச்சம். ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்துவந்த நல்ல விலை போனபின் சிறு விவசாயிகள் பலர் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும். அந்த இடத்தை வெயிலும் காற்றும்தான் நிரப்ப வேண்டும். 2030-க்குள் 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அரசு இலக்கு வைத்தது. கடல் ஏறிவரும் தீவில் இருந்துகொண்டு இதற்கு எதிராகப் பேச எனக்கு மனம் வராது.

ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்குச் சுமார் மூன்று ஆர்ப்பான் நிலம் வேண்டும்; ஓர் ஆர்ப்பான் என்பது ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகம். தரிசாய்க் கிடக்கும் கரும்பு நிலத்தில் போடட்டும். அதற்கு முன் கூரைகளில் போடட்டும். பேரங்காடிகளின் வண்டி நிறுத்துமிடங்கள் மேல் போடட்டும், வண்டிக்கும் நிழல் கிடைக்கும். பிளேன் தெ ரோஷில் 2016 முதல் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கல்லாங்காடு அது. கரும்புகூட அங்கே சிரமப்பட்டுத்தான் வளரும். இடம் பார்த்து வைத்தால் யார் வாயும் கசக்காது.

தொடவே கூடாத இடமும் உண்டு. ஃபெர்னி பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். 2000-களின் நடுவில் அதற்குள் நெடுஞ்சாலை போட இருந்தார்கள். அழிந்துபோனதாக எண்ணியிருந்த செடிகள் அங்கே உயிரோடு இருப்பது தெரிந்தது. மக்கள் குரல் கொடுத்தார்கள், சாலைத் திட்டம் கைவிடப்பட்டது, இன்று அது பாதுகாக்கப்பட்ட காடு. 1974-ல் நம் தீவின் வல்லூறு காட்டில் நான்கே நான்கு என்று எண்ணினார்கள். அந்த நான்குக்கும் இடம் கொடுத்தது பிளாக் ரிவர் மலையிடுக்கு. அங்கே எவ்வளவு சுத்தமான மின்சாரம் கிடைக்கும் என்று கணக்குக் காட்டினாலும் ஒரு கம்பம்கூட நடக்கூடாது. தண்ணீர் தேங்கி இறங்கும் மலைச்சரிவுகளுக்கும் இதே விதி. பெருமழைக்கு போர்ட் லூயிஸ் தெருக்கள் ஆறாய் ஓடியதை 2013-ல் பார்த்தோம். பதினொரு பேர் போனார்கள்.

வேலை தொடங்கும் முன் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வெட்டப்போகும் மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டட்டும். வளைத்துப் போக முடியுமா என்று அங்கேயே நின்று பேசட்டும். முடியாதென்றால் மாற்றுக் கன்றை எங்கே நடுவார்கள், மூன்று வருடம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதையும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எபனி, தக்கமக்கா போன்ற இந்த மண்ணின் மரங்களாக அவை இருக்கட்டும்.

போன ஜனவரியில் நண்பகல் வண்டிக்காக நடைமேடையில் நின்றேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி, எண்பது வயது இருக்கும், பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கூரை நிழல் அவள் காலடிக்கு இரண்டடி தள்ளி விழுந்து கிடந்தது, அங்கே பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். "அந்த ஆலமரம் இங்கேதானே நின்னுச்சு?" என்று கேட்டாள். வேலிக்கு அப்பால் கைகாட்டினேன். இருபதடிகூட இருக்காது. அங்கே இப்போது சரளைக் கல் கொட்டியிருக்கிறது. வேறு ஒன்றும் கட்டவில்லை.