பிள்ளைக்காக நாடுகடத்தல் உத்தரவை நீக்குவார்களா? பிரித்தானியத் தீர்ப்பாயம் கேட்கும் இரண்டு கேள்விகள்

வணக்கம். பிரித்தானியாவில் ஒருவர்மீது பிறப்பிக்கப்படும் நாடுகடத்தல் உத்தரவுக்குக் காலாவதித் தேதி கிடையாது. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அது தானாக ஒழியாது. மனைவி, பிள்ளைகளுக்காக அதை நீக்கும்படி கேட்டு, ஹோம் ஆபீஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு) மறுத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

பின்னணி சுருக்கமானது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை, விதிவிலக்கு பொருந்தினாலன்றி, நாடுகடத்தியாக வேண்டும். 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பின், நீக்க மறுத்தார்கள் என்பதை மட்டும் வைத்து மேன்முறையீடு செய்ய முடியாது. குடும்ப வாழ்க்கைக்கான மனித உரிமைக் கோரிக்கை மறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பக் கடிதத்திலேயே அந்த உரிமையை வெளிப்படையாகக் கோருங்கள்.

இனித்தான் வழக்கின் உயிர்நாடி. தண்டனை 4 ஆண்டுக்குக் குறைவு என்றால், 18 வயதுக்கு உட்பட்ட, பிரித்தானியக் குடியுரிமையோ 7 ஆண்டுத் தொடர் வதிவோ உள்ள பிள்ளைக்கு உங்கள் நாடுகடத்தல் அளவுமீறிய கொடுமையாக அமையும் என்று நிறுவி விதிவிலக்கு கோரலாம். தீர்ப்பாயம் இரண்டு கேள்விகளைக் கேட்கும்: பிள்ளை உங்கள் நாட்டுக்கு வந்து வாழ்ந்தால் என்ன ஆகும், நீங்கள் இல்லாமல் பிரித்தானியாவிலேயே இருந்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் விடை அந்தக் கடுமையை எட்ட வேண்டும். ஒன்றை மட்டும் விரிவாகக் காட்டி மற்றதைக் கைவிட்டவரின் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்த செய்தி இது: இந்த விதிவிலக்கை ஆராயும்போது பெற்றோர் செய்த குற்றத்தின் கனத்தைப் பிள்ளையின் துன்பத்துக்கு எதிராக நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கற்பனையான சராசரிப் பிள்ளை ஒன்றோடு ஒப்பிடாமல், எதிரே உள்ள இந்தப் பிள்ளையின் நிலையையே பார்க்க வேண்டும் என்று 2022இல் மேலும் தெளிவாக்கியது. நியாயமான நிலைப்பாடு என்பேன். குற்றம் பிள்ளையுடையது அல்லவே.

எனவே, ‘பாசமுள்ள தந்தை’ என்று உறவினர் எழுதும் கடிதங்களைவிட, தந்தை பிரிந்த பின் பிள்ளை வகுப்பில் பேசுவதைக் குறைத்துக்கொண்டது என்று ஆசிரியர் தேதியிட்டு எழுதும் ஒரு பக்கம் வலுவானது. ஏற்கெனவே நாடுகடத்தப்பட்டவருக்கு இது இரட்டிப்பு முக்கியம்: பிரிவு நடந்தேறியிருப்பதால், பிள்ளை சமாளித்துவிட்டது என்று ஹோம் ஆபீஸ் வாதிடும். சிறுவர் உளவியலாளரின் அறிக்கையும் மருத்துவக் குறிப்புகளும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தண்டனை 4 ஆண்டோ அதற்கு மேலோ என்றால், இவற்றையும் கடந்த மிக வலுவான சூழ்நிலைகள் தேவை. அங்கே குற்றமும் நிறுக்கப்படும்.

மேன்முறையீட்டுக் காலக்கெடு, நாட்டுக்குள் இருப்பவருக்கு முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்கள். வெளியே இருப்பவருக்கு அது கிடைத்ததிலிருந்து 28 நாட்கள். தயவுசெய்து கடித உறையையும் மின்னஞ்சலையும் பத்திரப்படுத்தி, அன்றைக்கே குடிவரவுச் சொலிசிட்டரிடம் காட்டுங்கள். வென்று உத்தரவு நீங்கினாலும், வெளியே இருப்பவர் நாட்டுக்குள் வருவதற்கு அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும்.