ஆடி மாதத்து ஆயாவும் அலாஸ்காக் கப்பலும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில், நேரு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் 21 வருடமாகப் பயண அலுவலகம் நடத்துகிறேன். ஆரம்பத்தில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் சொல்தா தாத்தாக்களும், அதுதான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளும்தான். பாரிசுக்கு டிக்கெட் போட்டால் என் வேலை முடிந்தது. தேன்நிலவு என்றால் ஊட்டி, கொடைக்கானல். கை கொஞ்சம் தாராளம் என்றால் சிங்கப்பூர். இப்போது கதை வேறு. கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவிய ஈரம் காயவில்லை, "அக்கா, பனிமலை பாக்கணும், ஆனா கப்பல்ல உக்காந்தே பாக்கணும்" என்று வந்து நிற்கிறார்கள்.

கப்பல் ஏறுவது நம் ஊருக்குப் புதுசா என்ன? என் ஆயாவின் அப்பா வியட்நாமின் சைகோனுக்குப் போனவர். அந்தக் காலத்தில் கப்பல் தூரத்துக் கடலில்தான் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகு ஏறுவதற்குக் கடலுக்குள் நீண்டிருந்த அந்தப் பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. காந்தி சிலைப் பக்கம் நடக்கிறவர்கள் மிச்சத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர் பிழைக்கப் போனார், இந்தப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். போகட்டும், சந்தோஷம்தான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலைத் தேடாதீர்கள். கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே பயணிகள் கப்பல் ஏப்ரலில் ஓட ஆரம்பித்து அக்டோபரில் ஓய்ந்துவிடும். நம் கணக்கில் சித்திரை முதல் புரட்டாசி வரை. தையில் தாலி கட்டிவிட்டு மாசியில் அலாஸ்கா கேட்டால், கப்பலுக்கு நான் எங்கே போவேன்?

நார்வே நேர்மாறு. அங்கே கரையோரக் கப்பல் வருடம் முழுக்க ஓடுகிறது. 1893-இல் ரிச்சர்ட் வித் என்கிற கப்பல் தலைவர் தபாலும் சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு தொடங்கிய வழி அது. பெர்கனிலிருந்து ருஷ்ய எல்லைப் பக்கத்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகம், போய்த் திரும்ப 12 நாள். நம் கடலூர் டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போகும். நடு ராத்திரியில் ஒரு துறைமுகத்தில் உள்ளூர்க்காரர் நாலு பேர் பையோடு இறங்குவார்கள். குளிர்காலத்திலும் அந்தக் கடல் உறைவதில்லை, அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் வந்து கரையை ஒட்டியே போகிறது.

வட துருவ ஒளி, அதுதான் வானத்தில் பச்சையாகத் திரை மாதிரி ஆடுமே, அதைப் பார்க்க ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை தான் அதற்குத் தோது. ஒரு தம்பி ஜூன் மாதத்துக்கு நார்வே டிக்கெட்டைத் தானே போட்டுவிட்டு, "அக்கா, பச்சை வெளிச்சம் எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டார். அங்கே வடகோடியில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லையப்பா! ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெயில். பச்சை வெளிச்சத்துக்கு எங்கே போவது?

அதனால் தையில் கல்யாணம் என்றால் நார்வே பக்கம் பாருங்கள். பிப்ரவரி நல்ல மாதம். டிசம்பரில் வடக்கே சூரியன் உதிக்கவே உதிக்காது, மங்கல் வெளிச்சத்தில் மலை சரியாகத் தெரியாது. பிப்ரவரியில் பகலில் மலையைப் பார்க்கலாம், ராத்திரியில் வானத்தைப் பார்க்கலாம். வைகாசிக் கல்யாணம் என்றால் அலாஸ்கா. அல்லது நார்வேயின் ஃபியோர்டுகள். ஃபியோர்டு என்றால் என்ன? பிச்சாவரத்தில் படகில் போயிருக்கிறீர்கள் அல்லவா, இரண்டு பக்கமும் சுரபுன்னை மரம் சுவர் மாதிரி நிற்கும். அந்த மரங்கள் இருக்கும் இடத்தில் ஆயிரம் மீட்டர் மலைகளை வைத்துக்கொள்ளுங்கள். சோக்னெ ஃபியோர்டு 204 கிலோமீட்டர் உள்ளே போகிறது, நமக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தை விட அதிகம். ஆழம் 1,300 மீட்டர். செஞ்சி ராஜகிரிக் கோட்டை மலைகள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இறக்கினாலும் முழுகிப்போகும். வைகாசியில் போனால் மேலே பனி உருகி அருவிகள் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

சரி, ஆடிக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்துப் பெண், முத்தியால்பேட்டைப் பையன். வைகாசியில் கல்யாணம். ஜூலை கடைசி வாரத்துக்கு அலாஸ்காக் கப்பலில் அறை பதிவு செய்து, பணமும் கட்டிவிட்டு, விசாவுக்கு மட்டும் என்னிடம் வந்தார்கள். கூடவே பெண்ணின் ஆயா. எண்பது வயது இருக்கும். மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், கப்பல் என்றைக்குக் கிளம்புகிறது என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

"ஆடி இல்ல அது? ஆடியில பொண்ண நாங்க அழைச்சிட்டுப் போவணும். புருஷனோட அனுப்புறதாவது!"

ஏன் அழைக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை அக்கினி நட்சத்திரத்தில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு. பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சமாதானமாக, "ஆயா, அங்க ஆடியிலயும் ஸ்வெட்டர் போடுற குளிரு. நம்ம ஊர் ஆடி மாதிரி இல்ல" என்றேன்.

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குளிருன்னா இன்னும் மோசம்டி."

அதற்கு மேல் நான் என்ன பேச? அலுவலகத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஆயா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் கேளுங்கள், அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது ஆயாதான். எப்படி என்றால், அவர்களிடம் விசா இல்லை. அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் தேதியே கையில் இல்லை. அது வாங்க சில சமயம் பல மாதம் ஆகும். அதோடு கனடா விசாவும் வேண்டும். "நாங்க அமெரிக்காவுல ஏறி அமெரிக்காவுல இறங்குறோம், கனடா எதுக்கு?" என்றான் பையன். 1886-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல், அமெரிக்காவில் ஆளை ஏற்றி அமெரிக்காவிலேயே சும்மா இறக்கிவிட முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். அதனால்தான் சியாட்டிலில் கிளம்புகிற கப்பல் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் நிற்கும். அந்த நாலைந்து மணி நேரத்துக்காக உங்களுக்கு ஒரு கனடா விசா. வான்கூவரில் ஏறினாலும் இரண்டு விசாவும் வேண்டும். இது ஞாபகம் இருக்கட்டும். அலாஸ்கா என்றால் இரண்டு விசா.

ஆக, ஆயாவின் பேச்சைக் கேட்டு, கொஞ்சம் தண்டம் கட்டி, தேதியை ஆவணிப் பிற்பாதிக்குத் தள்ளினோம். செப்டம்பர் முதல் வாரம். கூட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. மழை கொஞ்சம் அதிகம், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குள் இரண்டு விசாவும் வந்து சேர்ந்தன. தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் உட்கார்ந்து படம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

தேன்நிலவு என்ன, ஆறிப்போகிற சோறா? மூன்று மாதம் கழித்துப் போனாலும் தேன்நிலவுதான். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமாகி 18-ஆவது வருடம்தான் நார்வேக்குப் போனோம்.

பெயர் விஷயம் ஒன்று. நம் தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் எழுத்து மட்டும் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப் என் யூ' என்று மூன்று எழுத்து அச்சடித்துக் கொடுப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பயப்படாதீர்கள். ஆனால் விமானம், கப்பல், விசா, எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். புதுப் பெண்கள் கவனிக்க: கல்யாணமான உற்சாகத்தில் கணவர் பெயரைப் பின்னால் சேர்த்து டிக்கெட் போடாதீர்கள். பழைய பாஸ்போர்ட், பழைய பெயர், அப்படியே போய் வாருங்கள்.

நம் புதுச்சேரிக்கே உரிய சிக்கலும் உண்டு. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட். மாப்பிள்ளைக்கு நார்வே விசாவே வேண்டாம், சிவப்பு பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார். அதனால் பெண்ணுக்கு வேண்டும் என்பதே மறந்துபோகிறது! பெண்ணுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கிற ஒரே விசா, வாங்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே மனுப் போடலாம். பொதுவாக 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். நார்வே கரைக்கும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் வரை போகிற ஆசை இருந்தால், அது நார்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கனுக்கு வெளியே, ஆகவே இரண்டு முறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் திரும்பி உள்ளே வர முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

இப்போது குளிர். மார்கழியில் இங்கே 21 டிகிரிக்கே குரங்குக் குல்லா போடுகிற ஜனம் நாம். நான் நார்வேக்குப் போனபோது செய்த தப்பு, உள்ளே பருத்தி. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பருத்தி பனியன், மேலே கோட்டு. கப்பலுக்குள் வியர்த்தது, வெளியே வந்ததும் அந்த வியர்வை ஈரம் முதுகில் ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு, இந்த மூன்று போதும். தேங்காய் எண்ணெய் கொண்டு போகாதீர்கள், பாட்டிலில் கல்லாகிவிடும். வாசலின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் உடுப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், பிள்ளைகள் பால்கனி அறைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு உடுப்பில் மிச்சம் பிடிக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்லுவேன். அறை எப்படியோ இருக்கட்டும், மேல்தளத்தில் இரண்டு மணி நேரம் நடுங்காமல் நிற்க முடிய வேண்டும். கப்பல் ஓடுகிற வேகமே காற்று. 20 நாட் வேகம் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும், 5 டிகிரி பூஜ்யமாக உறைக்கும்.

எங்கள் கப்பலில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள், வானத்தில் ஒளி தெரிகிறது என்று. என் வீட்டுக்காரர் தூக்கத்தில் எழுந்து, கைலிக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். ஜெர்மன்காரர்கள் வானத்தைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று திகைத்தார்கள். நாலே நிமிடம். பச்சை, ஓரத்தில் கொஞ்சம் ரோஜா நிறம். அப்புறம் கால் விறைத்து உள்ளே ஓடினார்.

அலாஸ்காவில் கிளேசியர் பே என்று ஒரு தேசியப் பூங்கா. ஒரு நாளைக்குப் பெரிய கப்பல் இரண்டுக்குத்தான் அனுமதி, அதனால் எல்லாக் கப்பலும் போகாது. உங்கள் பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள். 1794-இல் ஜார்ஜ் வான்கூவர் என்கிற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் குழு வந்தபோது அந்த வளைகுடா முழுக்கப் பனி. இன்றைக்கு அந்தப் பனி சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. கப்பல் பனியாற்றின், அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பனிப்பாளத்தின், முன்னால் நின்று மெல்லத் திரும்பும், இரண்டு பக்கத்து அறைக்கும் தெரியும். எந்தப் பக்கம் அறை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே கண்ணை விடக் காதுக்கு வேலை அதிகம். வானொலியில் பேசுவதால் சொல்லவில்லை. பனிச்சுவர் உடைந்து கடலில் விழும் சத்தத்தை அந்த மண்ணின் பழங்குடிகளான ட்லிங்கிட் மக்கள் 'வெள்ளை இடி' என்பார்கள். விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் எல்லாம் முடிந்திருக்கும். நம் முத்தியால்பேட்டைப் பையன் அதைக் கைப்பேசியில் பிடித்து ஆயாவுக்குப் போட்டுக் காட்டினானாம். "தானே புயல்ல எங்க வேப்பமரம் விழுந்தப்போ இப்பிடித்தான் கேட்டுச்சு" என்றாராம் ஆயா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். இன்னும் செலவு, சாப்பாடு, கடல் மயக்கம் மூன்றும் மிச்சம். வேகமாகச் சொல்கிறேன். செலவு: கப்பல் கட்டணத்தோடு முடியாது. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்பு தனியாகக் கணக்கில் ஏறும். கரையில் சுற்றிப் பார்ப்பதும் தனி. கப்பல் மருத்துவர் கட்டணம் அதிகம், காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். மயக்கம்: நடுக் கப்பலில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள், ஆட்டம் குறைவு. இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை தங்காது. சாப்பாடு: சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏறின பிறகு கேட்டால் உருளைக்கிழங்குதான்... ஒரு விரல் காட்டுகிறார்கள். ஊறுகாய் பற்றிச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.