விமானத்துக்குக் கீழே இருக்கும் தரை

நேயர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்பவர்கள் காக்பிட்டுக்குள் இருக்கும் இருக்கைப் பட்டைக்குக்கூட நாள்கணக்கில் மெனக்கெடுவார்கள். எல்லாம் முடிந்ததும் விமானத்தை வெறும் அலமாரித் தட்டில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. வழவழப்பான பலகைமேல் நிற்கும் விமானம் நிஜத்தில் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. அதைச் சொல்வது தரைதான். அதனால்தான் இன்று பீடம் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறக்கை நீளம் 11.23 மீட்டர். அதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 15.6 சென்டிமீட்டர். விமானத்துக்குப் போட்ட அதே கணக்கைத் தரைக்கும் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். செயற்கைப் புல் இழை 2, 4, 6 மில்லிமீட்டர் நீளங்களில் கிடைக்கிறது. இந்த விமானத்தின் கீழே 6 மில்லிமீட்டர் இழையை ஒட்டினால், நிஜத்தில் அது 43 சென்டிமீட்டர் உயரப் புல். விமானம் ஏறி இறங்கும் இடத்தில் யார் அப்படி வளர விடுவார்கள்? 2 மில்லிமீட்டரே 14 சென்டிமீட்டருக்குச் சமம். அதனால் பெரும்பகுதிக்குச் சன்னமான பசுந்தூளைத் தூவி, ஓரங்களில் மட்டும் 2 மில்லிமீட்டர் இழையைத் திட்டுத்திட்டாக ஒட்டுங்கள். ஒரே பச்சையாக இருந்தால் கம்பளம் விரித்தது போலிருக்கும். வைக்கோல் நிறத்தையும் கொஞ்சம் கலக்க வேண்டும்.

அடுத்தது, எந்த இடம், எந்தக் காலம் என்பது. 1940-இல் பிரிட்டனின் போர்விமானத் தளங்கள் பல வெறும் புல்வெளிகள். பசிபிக் தீவுகளிலோ நொறுக்கிய பவளப் பாறை, கண்ணைக் கூசும் வெள்ளை. எனக்கு மிகவும் பிடித்தது துளையிட்ட எஃகுத் தகடுகளால் ஆன ஓடுதளம். அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்ஸ்டன் என்ற ஊருக்கருகே 1941-இல் சோதித்துப் பார்த்ததால் 'மார்ஸ்டன் விரிப்பு' என்ற பெயரும் அதற்கு உண்டு. ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், மூன்று வரிசையில் 87 துளைகள். நம் அளவில் 4.2 சென்டிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம். செங்கல் சுவரில் போல, ஒரு வரிசையின் இணைப்பும் அடுத்த வரிசையின் இணைப்பும் நேர்க்கோட்டில் வராமல் தகடுகளை அடுக்குங்கள். துளைகள் வழியே சேறும் புல்லும் எட்டிப் பார்க்கட்டும்.

விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தைச் செய்கிறீர்களா? இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கப்பல்களில் மரப்பலகைகள் தளத்தின் குறுக்கே ஓடின. ஜப்பானியக் கப்பல்களில் பெரும்பாலும் நீளவாக்கில். ஜப்பானின் ஜீரோ போர்விமானத்தை அமெரிக்கத் தளத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

எடையும் தெரிய வேண்டும். ஸ்பிட்ஃபயர் இரண்டரை டன்னுக்கு மேல். டயரின் அடிப்பகுதியை மிக லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கி, புல்தரையானால் சக்கரத்துக்குச் சிறு பள்ளமும் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் விமானம் மிதப்பது போலவே இருக்கும்.

பலகை விஷயத்தில் ஒன்று. ஈரமான பிளாஸ்டரை ஒரு பக்கம் மட்டும் பூசினால் மெல்லிய பலகை வளைந்துகொள்ளும். முதலில் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயின்ட் நேரடியாகப் பட்டால் அது கரைந்து குழி விழும். தண்ணீரில் கலக்கும் பெயின்டை முதல் பூச்சாகக் கொடுங்கள்.

பீடம் சிறிதாக இருப்பதே நல்லது. இந்த ஸ்பிட்ஃபயருக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் தாராளம். விமானத்தை ஓரத்துக்கு இணையாக வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். பசையால் ஒட்டிவிட வேண்டாம்: சக்கரத்தின் அடியில் துளையிட்டு ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, அதைப் பீடத்துத் துளையில் பொருத்தினால் போதும். வெளியே கொண்டுபோகும்போது தனியே கழற்றிக்கொள்ளலாம், தூசி துடைக்கவும் வசதி.

வணக்கம்.