பயிர் வட்டங்களில் நான் படித்த விண்வெளி

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பயிர் வட்டங்களைப் பற்றி, அதாவது வயலில் பயிரைச் சாய்த்துப் போடும் பெரிய வடிவங்களைப் பற்றி, பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அதெல்லாம் மனிதன் போட்டதா, வேற்றுக்கிரகவாசி போட்டதா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனிதர்கள் போட்டதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடவில்லை என்பதுதான் என் கட்சி. மனிதர்கள் போட்டது என்று தெரிந்த பிறகுதான் அவற்றை ஒழுங்காகப் படிக்கவே முடிகிறது, ஏனென்றால் விண்வெளியை நினைத்து நாம் எதைக் கண்டு மலைத்தோம், எதற்குப் பயந்தோம், யாரிடமிருந்தாவது ஒரு பதில் வராதா என்று எப்படி ஏங்கினோம் என்பதெல்லாம் அந்த வயல்களில்தான் மடங்கிக் கிடக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தின் சவுத்தாம்டனைச் சேர்ந்த டக் பவர், டேவ் சோர்லி என்ற இரண்டு நண்பர்கள் 1978 வாக்கில் ராத்திரி நேரத்தில் கோதுமை வயலுக்குள் இறங்கி வட்டம் போட ஆரம்பித்தார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பலகை, அதன் இரு முனையிலும் கட்டிய கயிறு, அவ்வளவுதான். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையைக் காலால் மிதித்து மிதித்து நடந்தால் பயிர் ஒடியாமல் ஒரே பக்கமாகச் சாயும். நேர்கோடு போட ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள்: தொப்பியில் ஒரு கம்பி வளையத்தை மாட்டிக் கண்ணுக்கு எதிரே தொங்கவிட்டு, அதன் வழியாகத் தூரத்தில் தெரியும் ஏதாவது ஒன்றைக் குறிபார்த்தபடியே நடப்பது. டிராக்டர் போன சக்கரத் தடம் வழியாகவே உள்ளே போய் வெளியே வந்ததால் காலடி அடையாளமும் விழவில்லை. 1991-ல் அவர்களே ஒரு நாளிதழிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதுதான். 1966-ல் ஆஸ்திரேலியாவின் டல்லி என்ற ஊரில், ஒரு சதுப்பு நிலத்துக் கோரைப்புல் வட்டமாகச் சுழன்று படுத்துக் கிடந்தது. பறக்கும் தட்டு இறங்கி ஏறிய இடம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆஸ்திரேலியாவில் சில காலம் வாழ்ந்த பவருக்கு இந்தச் சேதி மனதில் தங்கிவிட்டது. 1966 என்றால் நிலவுக்கு யார் முதலில் போவது என்று இரண்டு வல்லரசுகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். வானத்திலிருந்து எதுவும் இறங்கலாம், வானத்துக்கு யாரும் ஏறலாம் என்று உலகமே நம்பிய காலம் அது. அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் போட்ட வட்டம் அது.

இன்னொன்று. பயிர் வட்டத்தின் நடுவில் போய் நின்றால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த பயிர், சுற்றிலும் நிமிர்ந்த பயிர், அவ்வளவுதான். படம் தெரிய வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். அதாவது, வரைகிறவன் தன் தலைக்கு மேலே ஒரு கண் இருக்கிறது என்று நம்பித்தான் வரைகிறான். பெரு நாட்டில் பழங்கால மக்கள் பாலைவனத் தரையில் கீறிய பிரம்மாண்டமான நாஸ்கா கோடுகளும் அப்படித்தானே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி, மேலிருந்து ஒரு கண் பார்க்கிறது என்ற எண்ணம் மிகப் பழையதுதான். ஆனால் நம் காலத்தில் அந்தக் கண் நிஜமாகவே வந்துவிட்டது. 1960-களில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், காசா கிராண்டே என்ற இடத்தைச் சுற்றி, ஏறத்தாழ 60 அடி அகலமுள்ள கான்கிரீட் குறிகளை ஒரு மைலுக்கு ஒன்றாகப் பதித்தார்கள். மேலே சுற்றிய கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோளின் கேமராவைச் சரிபார்க்க அவை உதவின. விண்வெளியிலிருந்து பார்ப்பதற்கென்றே தரையில் போட்ட குறி! அதில் பல இன்றும் அங்கேயே வெடிப்பு விட்டுக் கிடக்கின்றன.

அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டிலேயே, செவ்வாயில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி சைபீரியாவில் ஒரு பிரம்மாண்டமான செங்கோண முக்கோணம் வரையலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஓரங்களுக்குப் பைன் காடு, உள்ளே கோதுமை. கணித மேதை காஸ் சொன்னது என்பார்கள். கவனித்தீர்களா, கோதுமை! பயிரால் எழுதி விண்வெளியோடு பேசலாம் என்று முதலில் நினைத்தவர்கள் நாம்தான். பிற்பாடு அதையே திருப்பிப் போட்டு, அவர்கள் நமக்குப் பயிரில் எழுதுகிறார்கள் என்று நம்பத் தொடங்கினோம்.

சரி, சில வட்டங்களை எடுத்துப் படிப்போம். 1995-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லாங்வுட் வாரன் என்ற இடத்தில் ஒன்று வந்தது. நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்களின் பாதைகள், வெளியே சிறுகோள் பட்டை மாதிரி ஒரு வட்டச் சரம். புதன், வெள்ளி, செவ்வாய் எல்லாம் இருந்தன. பூமியின் பாதையும் இருந்தது, ஆனால் பாதையில் பூமி இல்லை. உலகம் அழியப்போகிறது என்ற எச்சரிக்கை என்று பலர் நடுங்கினார்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1990 பிப்ரவரி 14-ல், வாயேஜர் 1 விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்துப் பூமியைப் படம் எடுத்தது, அதில் பூமி ஒரு முழுப் புள்ளி கூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, சூரிய மண்டலத்தை வரையும்போது பூமியை வைக்காமல் விடத் தோன்றுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது 2001-ல் வந்ததுதான். அதைச் சொல்வதற்கு முன் 1974-க்குப் போக வேண்டும். அந்த வருடம் நவம்பர் 16-ல், போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பினார்கள். எழுதியவர்களில் முதன்மையானவர் வானியலாளர் ஃபிராங்க் டிரேக். மூன்று நிமிடம் கூட இல்லை, மொத்தம் 1679 துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒன்று அல்லது சுழியம். ஏன் 1679? அது 23-ஐ 73-ஆல் பெருக்கினால் வருகிற எண், இரண்டுமே பகா எண்கள். அதனால் யாராவது அதைச் செவ்வகமாக அடுக்க நினைத்தால் இரண்டே வழிதான் உண்டு.

நான் ஒருமுறை கட்டம் போட்ட காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று என்றால் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், சுழியம் என்றால் விட்டுவிட வேண்டும். வரிசைக்கு 73 என்று அடுக்கியபோது வெறும் பொட்டுப் பொட்டாகக் குப்பை மாதிரி வந்தது. வரிசைக்கு 23 என்று மாற்றி அடுக்கினேன். மேலே எண்கள் வந்தன, அப்புறம் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ் அணுக்களின் எண்கள், அதற்குக் கீழே முறுக்கிய டிஎன்ஏ ஏணி, அதன் அடியில் கையைத் தொங்கப்போட்டபடி ஒரு மனித உருவம். பாதியில் எங்கேயோ ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன் போல, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கமாக நகர்ந்துவிட்டது, ஆனாலும் மனிதன் மனிதனாகவே நின்றான். மனிதனின் காலடியில் சூரியனும் கோள்களும் வரிசையாக வந்தன, மூன்றாவது கோள் மட்டும் ஒரு கட்டம் மேலே ஏறி அவனைத் தொடப் பார்த்தது. அதைக் கறுப்பாக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

இப்போது 2001 ஆகஸ்ட். ஹாம்ப்ஷயரின் சில்போல்டனில் 25 மீட்டர் அகல ரேடியோ தட்டு ஒன்று, அதாவது தட்டு வடிவ ஆன்டெனா, இருக்கிறது, அதன் பக்கத்து வயலில் இரண்டு படங்கள் தோன்றின. ஒன்று, செய்தித்தாள் புகைப்படம் போலப் புள்ளிப் புள்ளியாகப் போட்ட ஒரு முகம். மற்றொன்று, அதே 23-க்கு 73 கட்டம்! அரெசிபோ செய்திக்குப் பதில் என்றே அதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். அணுக்களின் வரிசையில் 14, அதாவது சிலிக்கான், புதிதாகச் சேர்ந்திருந்தது. மனிதனின் இடத்தில் பெரிய தலை வைத்த ஓர் உருவம். டிஎன்ஏ ஏணி மாறியிருந்தது. அரெசிபோ செய்தியில் அடியில் தொலைநோக்கியின் படம் இருந்த இடத்தில், முந்தின வருடம் அதே பகுதியில் வந்த ஒரு பயிர் வட்டத்தின் வடிவம்.

இது எம்13-லிருந்து வந்த பதிலாக இருக்க முடியாது. எம்13 ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, செய்தி கிளம்பி அப்போது 27 வருடம்கூட முடியவில்லை. போய்ச் சேர 25,000 வருடம், பதில் வர இன்னொரு 25,000. தவிர, பக்கத்திலேயே ஒரு ரேடியோ தட்டு இருக்கும்போது ரேடியோவில் எழுதத் தெரிந்தவர்கள் கோதுமையை ஏன் மிதிக்க வேண்டும்?

அப்படியானால் அது என்ன? அதை வரைந்தவர் டிரேக் எழுதிய கடிதத்தைக் கட்டம் கட்டமாகப் படித்திருக்கிறார். எந்த வரி எதைச் சொல்கிறது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் 14-ஐ இரும எண்ணாக நுழைக்க முடியும். வானத்துக்குப் போன கடிதத்தைத் தரையில் இருந்த ஒருவர் புரிந்துகொண்டு, அந்த மொழியிலேயே, இருட்டில் பயிரை மடக்கி எழுதியிருக்கிறார். அந்த முகத்தைப் பற்றியும் எனக்கு ஒரு யோசனை உண்டு. 1976-ல் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த செவ்வாய்ப் படத்தில் ஒரு குன்று மனித முகம் போலத் தெரிந்து பெரிய பரபரப்பானது. 2001 ஏப்ரலில்தான் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் அதைத் துல்லியமாகப் படம் எடுத்து, அது வெறும் குன்றுதான் என்று மறுபடியும் காட்டியது. நாலே மாதத்தில் ஹாம்ப்ஷயர் வயலில் ஒரு முகம். செவ்வாயில் இழந்ததை யாரோ இங்கே மீட்டுவைத்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

அடுத்த வருடம் ஹாம்ப்ஷயரின் கிராப்வுட்டில் வேற்றுக்கிரக முகத்தோடு ஒரு வட்டத் தகடும் வந்தது, அதில் சுருளாக இரும எண்கள். பிரித்தால் ஆங்கில வாக்கியம், அதுவும் நம் கணினிகள் பயன்படுத்தும் ஆஸ்கி குறியீட்டில். வாயேஜர் விண்கலங்களில் 1977-ல் வேற்றுக்கிரகவாசிகளுக்கென்று நாம் அனுப்பிய தங்கத் தகட்டை நினைத்துப் பாருங்கள், இது எதன் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

நம்புகிறவர்கள் எப்போதும் ஒன்று சொல்வார்கள்: சாய்ந்த பயிரின் கணுக்கள் வளைந்திருக்கின்றன, இது பலகையால் நடக்காது என்று. உண்மைதான், வளைந்திருக்கும். ஆனால் உயிரோடு இருக்கிற கோதுமைத் தண்டைப் படுக்க வைத்தால், கணுவின் அடிப்பக்கத்துச் செல்கள் அதிகமாக நீண்டு, தண்டை மறுபடி மேல்நோக்கித் திருப்பும், ஓரிரு நாளில் கண்ணுக்கே தெரியும். காற்றில் சாய்ந்த வயலிலும் இதே கதைதான். விழுந்த பயிர் எழ முயற்சி செய்கிறது. வயலுக்குச் சொந்தக்காரரின் நஷ்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், கேட்காமல் ஒருவர் உழைப்பை மிதிப்பது எனக்கு ஒப்பவில்லை. சிலர் வாசலில் உண்டியல் வைத்துப் பார்வையாளர்களிடம் வசூலித்துக்கொண்டார்கள், சிலர் கோபத்தில் உடனே அறுத்துவிட்டார்கள்.

சில்போல்டன் படம் அறுவடையோடு போய்விட்டது. அரெசிபோ தொலைநோக்கியும் 2020 டிசம்பர் 1-ல் இடிந்து விழுந்துவிட்டது. அந்த 1679 துடிப்புகள் மட்டும் ஐம்பது ஒளியாண்டுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன. வடக்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் மே முதல் ஆகஸ்ட் வரை முன்னிரவில் ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தைத் தேடுங்கள். நான்கு விண்மீன்கள் கோணல் சதுரமாக நிற்கும், அதன் மேற்குப் பக்க ஓரத்தில், ஒரு சாதாரண பைனாகுலர் வழியாகப் பார்த்தாலே, துடைத்தும் போகாத ஒரு கறை மாதிரி மங்கலாகத் தெரிவதுதான் எம்13.