பரப்பலும் சிதறலும்: ‘ஸ்ட்ரூ’ என்னும் வினைச்சொல்

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

‘ஸ்ட்ரூ’ என்ற ஆங்கில வினையைக் கண்டதும் ‘சிதறு’, ‘இறை’ என்றே நாம் பொருள் கொள்கிறோம். விபத்து நடந்த சாலையெங்கும் கண்ணாடித் துண்டுகள் கிடந்ததைச் சொல்லவும் அச்சொல்லே வருவதால் அதைப் பிழை என்பதற்கில்லை. ஆனால் அதன் வேரில் இருப்பது சிதறல் அன்று. ஒருவர் படுக்கவோ நடக்கவோ ஏதுவாகத் தரைமீது ஒன்றைப் பரப்புதல்.

வைக்கோலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரா’ இவ்வினையின் உடன்பிறப்பு. ‘பரப்பப்படுவது’ என்பதே அதன் பொருள். இளநீர்க் கடையில் நம் கையில் தரும் உறிஞ்சுகுழலுக்கும் அப்பெயர் வந்தது, 1888இல் மார்வின் ஸ்டோன் காகிதக் குழலுக்குக் காப்புரிமை பெறும்முன் மக்கள் உலர்ந்த தானியத் தண்டினால் பருகிவந்ததால்தான்.

இடைக்கால இங்கிலாந்தின் வீடுகளில் தரைமேல் கோரையைப் பரப்பி, நறுமணத்துக்காக அதன்மேல் மூலிகைகளையும் தூவுவார்கள். அரண்மனையில் இதற்கென்றே ஒரு பெண் பதவியில் இருந்தார். 1821இல் நான்காம் ஜார்ஜ் முடிசூடிய நாளில், ஆன் ஃபெலோஸ் என்ற பெண்மணி ஆறு கன்னியரோடு ஊர்வலத்தின் முன்னே நடந்து, மன்னர் மிதித்து வரும் பாதையில் மலரும் மூலிகையும் தூவினார். இதைச் ‘சிதறினார்’ என்று மொழிபெயர்க்க யாருக்கு மனம் வரும்?

இவ்வேர் இன்னும் நெடுந்தொலைவு ஓடுகிறது. கல் பரப்பிய சாலையை இலத்தீனில் ‘ஸ்ட்ராட்டா’ என்றார்கள். அதிலிருந்தே ‘ஸ்ட்ரீட்’ பிறந்தது. சமஸ்கிருதத்தின் ‘ஸ்த்ரு’ என்னும் வினையடியும் இவ்வினமே. நாம் நாள்தோறும் வழங்கும் ‘விஸ்தாரம்’, ‘விஸ்தரிப்பு’ இரண்டும் அதிலிருந்து வந்தவை. வீட்டை விஸ்தரித்துக் கட்டுகிறோம் என்று சொல்லும்போது, அறியாமலே ‘ஸ்ட்ரூ’வின் உறவினரைத்தான் அழைக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஓரிடத்தைக் காட்ட விரும்புகிறேன். 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமுக்குள் வரும்போது மரக்கிளைகளை வழியில் இட்டதற்கு, இவ்வினையின் பழைய வடிவமான ‘ஸ்ட்ராட்’ என்ற சொல் வருகிறது. 25ஆம் அதிகாரத்தில் விதைக்காமலே அறுக்கும் கடின மனிதனைப் பற்றிய பேச்சிலும் அதே சொல்தான். தமிழ் விவிலியமோ முன்னதற்குக் கிளைகளை வழியிலே ‘பரப்பினார்கள்’ என்றது. பின்னதற்குத் ‘தெளிக்காத இடத்தில்’ என்று உழவரின் சொல்லை எடுத்துக்கொண்டது.