மீனுக்குத் தைராய்டு எங்கே இருக்கிறது?

(வேலூரில் மீன் வளர்ப்போரும் விலங்கியல் மாணவர்களும் சேர்ந்திருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், பின்னால் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு தரப்புக்கும் பொதுவாகப் பேச மீன் சினையை விட்டால் வேறு விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் என் மானம் போன கதை ஒன்று. பட்டப்படிப்பில் செய்முறைத் தேர்வு. மெழுகுத் தட்டில் ஒரு கெண்டை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "தைராய்டை எடுத்துக் காட்டு" என்றார். மனிதருக்குத் தொண்டையில் வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்குமே, அதை மனதில் வைத்துக்கொண்டு செவுளுக்குக் கீழே கிளறு கிளறு என்று கிளறினேன். கடைசியில் ஒரு கொழுப்புத் துண்டை ஊசியில் குத்தி நீட்டினேன். மார்க் போயிற்று. பல வருஷம் கழித்துத்தான் கேள்வியே தப்பு என்று தெரிந்தது. பெரும்பாலான எலும்பு மீன்களுக்குத் தைராய்டு ஒரே கட்டியாக இருப்பதில்லை. இதயத்திலிருந்து செவுளுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி, மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் சின்னச் சின்னப் பைகளாகச் சிதறிக் கிடக்கும். தங்க மீனில் சிறுநீரகத்திலும்கூட உண்டு.

சுரப்பிதான் சிதறியிருக்கிறதே தவிர, சுரப்பது நம் உடம்பில் சுரப்பதேதான். நாலு அயோடின் கொண்ட டி4, மூன்று அயோடின் கொண்ட டி3. டி4-ஐச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திசுக்களில் இருக்கும் நொதி ஒரு அயோடினைக் கழற்றிவிட்டால் அது டி3 ஆகிறது. வேலை செய்வது பெரும்பாலும் அதுதான்.

இந்த ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. எங்கே என்ன நடக்கும் என்பது அதை ஏற்கும் ஏற்பியைப் பொறுத்தது. ஏற்பி செல்லுக்கு வெளியே நிற்பதில்லை. உட்கருவுக்குள், டி.என்.ஏ. மேலேயே, பெரும்பாலும் இன்னொரு ஏற்பியோடு ஜோடி போட்டு உட்கார்ந்திருக்கும். நம் ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். டி3 வராதவரை ஏற்பி மதகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மரபணு பேசாது. டி3 வந்து ஒட்டினால் மதகு திறக்கும். சும்மா இருக்கும்போதும் அடைக்கிற வேலையைச் செய்கிறது பாருங்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இந்த ஏற்பி பிடிபட்ட விதம் தனிக் கதை. கோழிக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸ் தூக்கிக்கொண்டு போயிருந்த மரபணுவின் மூலத்தைத் துருவியபோது, அது தைராய்டு ஏற்பி என்று 1986-இல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. இந்த ஏற்பிக்கு நம் உடம்பில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு மரபணுக்கள். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சின்ன வரிக்குதிரை மீனுக்கு மூன்று. எலும்பு மீன்களின் முன்னோர்களுக்கு மரபணுத் தொகுப்பு ஒருமுறை இரட்டித்தது. அதில் ஆல்பா இரண்டாகிவிட்டது.

சரி, சினைக்கு வருவோம். 1957 ஜூலை 10-இல் நம் நாட்டு மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். அது பெரிய வெற்றி. ஆனால் அதற்கப்புறம் நாம் பிட்யூட்டரியையும் சினைப்பையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம் என்பது என் கருத்து. பாடப் புத்தகத்தில் தைராய்டு வளர்ச்சிப் பாடத்தில் இருக்கும், இனப்பெருக்கம் வேறு பாடத்தில் இருக்கும். மீன் அப்படிப் பாடம் பிரித்து வாழ்வதில்லையே! தைராய்டு ஏற்பிகள் சினைப்பையிலும் விந்தகத்திலும் இருக்கின்றன. வரிக்குதிரை மீனின் விந்தகத்துக்கு டி3 கொடுத்தால், விந்தணுவை வளர்த்தெடுக்கும் செர்டோலி செல்கள் பெருகுகின்றன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தயோயூரியா கொடுத்துத் தைராய்டு ஹார்மோனைக் குறைத்துப் பார்த்தார்கள். பருவத்தில் திரும்பத் திரள வேண்டிய விந்தகம் சரியாகத் திரளவில்லை. மூளை, பிட்யூட்டரி வழியாகவும் இதில் பங்கு உண்டு. எல்லாம் விந்தகத்துக்குள்ளேயே நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த முறை வீட்டில் கெண்டை நறுக்கும்போது மஞ்சள் சினையை விரலில் உதிர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முட்டையின் மஞ்சள் கருவிலும் தாய் வைத்த டி4-உம் டி3-உம் இருக்கும். குஞ்சுக்குச் சொந்தத் தைராய்டு வரும்வரை அதுதான் கட்டுச்சோறு.

ஆணா பெண்ணா என்பதிலும் இதற்குக் கை உண்டு. வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்குத் தைராய்டைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பெண்கள் கூடுகின்றன. டி4 கொடுத்தால் ஆண்கள். பட்டாசில் சேரும் பெர்குளோரேட்டும் அயோடின் தைராய்டுக்குள்ளே போகும் வாசலை அடைக்கக்கூடியதுதான்.

பேச்சு முடிவதற்குள்ளேயே முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டார்: "அப்போ குளத்துல அயோடின் உப்பைக் கொட்டினா சினை சீக்கிரம் பிடிக்குமாங்க?" வேண்டாங்க ஐயா. தங்க மீனில் டி3 கூடிப்போனபோது பெண் ஹார்மோன் பக்கத்து வேலைகள் குறைந்துதான் போயின. குஞ்சு ஏற்றி இறக்கும்போது தண்ணீரில் உப்புப் போடுகிறீர்களே, அது மீன் மிரளாமல் இருக்க, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.