ஏப்ரனும் ஐந்து நோட்டுகளும்

[திரையில்: 1942, பிரஸ்ஸல்ஸ். ஒரு பள்ளி வகுப்பறை]

நாஜிகளின் பிடியில் இருந்த பெல்ஜியம். ஒருநாள் சில பிள்ளைகள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். யூதர் என்று அடையாளம் காட்டும் நட்சத்திரம் அது. இளம் டீச்சர் ஆந்த்ரே கெலன் அதிகம் பேசவில்லை. இனி எல்லாரும் ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்றார், அவ்வளவுதான். யாருக்கு நட்சத்திரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று யாருக்கும் தெரியாமல் போனது.

சரி, நட்சத்திரத்தை ஏப்ரன் மறைத்துவிடும். பிள்ளையை? அந்த ஆகஸ்டிலேயே மெகலன் ஊரிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு யூதர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் கிளம்பத் தொடங்கிவிட்டன.

யூதர் பாதுகாப்புக் குழு என்ற ரகசிய அமைப்பில் ஆந்த்ரே சேர்ந்தார். 1943 மே மாதம் அவர் தங்கியிருந்த விடுதிப் பள்ளியில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ புகுந்தது. அங்கே ஒளிந்திருந்த பிள்ளைகளும், தலைமையாசிரியையும் அவர் கணவரும் பிடிபட்டார்கள். அந்தத் தம்பதி முகாமிலிருந்து திரும்பவே இல்லை. "யூதர்களுக்குப் பாடம் நடத்த வெட்கமாயில்லையா?" என்று கெஸ்டபோக்காரர்கள் ஆந்த்ரேயிடம் கேட்டார்கள். "யூதக் குழந்தைகளோடு போர் நடத்த உங்களுக்கு வெட்கமாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

[திரையில்: ஒரு வீட்டு வாசல், சிறிய பெட்டி]

அப்புறம் 'க்ளோட் ஃபூர்னியே' என்ற பொய்ப் பெயரில் வீடு வீடாகப் போனார். பெற்றோரிடமிருந்து பிள்ளையை வாங்கி, கன்னிமாடத்திலோ கிராமத்துக் குடும்பத்திலோ கொண்டுபோய் விடுவதுதான் வேலை. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அம்மா கேட்டால் சொல்லக் கூடாது. பிடிபட்டு அடி வாங்கினால் யார் வாயிலிருந்தும் விலாசம் வந்துவிடுமே! இப்படி அவர் கைபிடித்துக் கூட்டிப்போன பிள்ளைகள் சுமார் 300 பேர்.

பிள்ளைகளின் விவரமெல்லாம் ஐந்து நோட்டுகளில் பிரித்து எழுதப்பட்டிருந்தது. உண்மைப் பெயர் ஒன்றில், புதுப் பெயர் இன்னொன்றில், ஒளிந்திருக்கும் இடம் வேறொன்றில். எல்லாவற்றையும் இணைக்க ஒரு ரகசிய எண். ஒரே ஒரு நோட்டு எதிரி கையில் சிக்கினால் பிரயோஜனமில்லை.

1989-ல் நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது. 2022-ல், 100 வயதில் காலமானார்.

[திரையில்: திறந்து கிடக்கும் நோட்டுகள்]

போர் முடிந்ததும் அதே நோட்டுகளைப் பார்த்துத்தான் பிள்ளைகளைத் தேடினார்கள். பலருக்குத் திரும்பிப்போக ஆளே இல்லை. பெற்றோர் மிஞ்சியிருந்தாலும், கைக்குழந்தையாகப் போனதுகளுக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. வளர்த்தவளையே அம்மா என்று பிடித்துக்கொண்டு அழுதன. அந்தப் பிடியை விடுவித்துக் கூட்டிவரும் வேலையும் ஆந்த்ரே தலையிலேயே விழுந்தது.